‘வுடு’ என்று கத்திய பதினொன்றாம் நம்பர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, பொங்கல் விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த வாரத்தின் சனிக்கிழமை அது. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில், கடலோரச் சாலையை ஒட்டிய ஒரு கல்லூரியின் கூடைப்பந்து மைதானம். எங்கள் வட்டாரக் கல்லூரிகளுக்குள் நடக்கும் பெண்கள் லீக்கின் இறுதிப் போட்டி. அன்றைக்கு நடந்ததைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். திடுதிப்பென்று அந்த நிமிஷத்துக்குப் போக தைரியம் இல்லாததால், கொஞ்சம் முன்னாலிருந்தே சொல்லிக்கொண்டு வருகிறேன்.

அப்போது நான் செங்கல்பட்டில் பி.காம். கடைசி வருடம். வீடு சிங்கப்பெருமாள் கோயில். நான் நல்ல உயரம். பஸ்ஸில் எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால் நான் மட்டும் கூரையைப் பிடித்துக்கொண்டு நிற்பதாகத் தோழிகள் ஓட்டுவார்கள். எங்கள் பி.டி. மேடம் என்னை டீமில் சேர்த்ததும் அந்த உயரத்துக்காகத்தான், ஆட்டத்துக்காக இல்லை. முதல் வருடம் பந்து என் கைக்கு வந்தாலே அதை என்ன செய்வதென்று தெரியாமல் குழந்தையை வைத்திருப்பதுபோல் வைத்திருப்பேன். ஆளாளுக்கு ‘ஷூட்’, ‘பாஸ்’, ‘மூவ்’ என்று கத்துவார்கள். எனக்கு எதுவும் மண்டையில் ஏறாது.

மேடம் ஒருநாள் பொறுமை இழந்து விசிலைக் கழற்றிக் கீழே போட்டார். “இனிமே எவளும் இங்கிலீஷ்ல கத்திக்கினு கெடக்கக் கூடாது. வுடுன்னா வுடு, குடுன்னா குடு. அவ்ளோதான்” என்றார். ‘வுடு’ என்றால் வளையத்தைப் பார்த்து எறிய வேண்டும். ‘குடு’ என்றால் அடுத்தவளுக்குத் தள்ள வேண்டும். நம்பினால் நம்புங்கள், அந்த இரண்டு வார்த்தையிலேயே நான் ஆடக் கற்றுக்கொண்டேன். காதில் ‘வுடு’ விழுந்தால் யோசிக்கவே மாட்டேன், கை தானாக எறிந்துவிடும்.

அந்த வருடம் லீக் மழையோடு மழையாக நடந்தது. பாதி நாள் ஆடினோம், மீதி நாள் கோணிச் சாக்கையும் பழைய பேனர் துணியையும் வைத்து கோர்ட்டில் தண்ணீர் வழித்தோம். எங்களுக்கு வரிசையாக வெற்றி. தலைகால் புரியாமல் திரிந்துகொண்டிருந்த நேரத்தில்தான் கடற்கரைப் பக்கத்துக் கல்லூரி ஒன்று எங்கள் மைதானத்துக்கு ஆட வந்தது. அதில் இருந்தாள் பதினொன்றாம் நம்பர்.

புதுப்பட்டினத்துப் பெண். தலையை இறுக்கிக் கட்டிய கறுப்பு ஸ்கார்ஃப், ஜெர்சிக்கு உள்ளே முழுக்கை பனியன். என்னைவிட ஒரு தலை குள்ளம். ஆனால் நான் எங்கே போய் நின்றாலும் எனக்கு முன்னாடியே அங்கே நிற்பாள். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், அவள் வாயைத்தான் தாங்க முடியவில்லை. ஓயவே ஓயாது. பந்து வருகிற நேரமாகப் பார்த்து, காலையில் நாஸ்தா என்ன, சட்னியா சாம்பாரா என்று விசாரிப்பாள். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை.

ஆட்டம் முடிய கொஞ்ச நேரம்தான் இருந்தது. ஒரே ஒரு பாயிண்ட் நாங்கள் பின்னால். பந்து என் கையில். எங்கள் கேப்டன் நல்ல இடத்துக்கு ஓடிக்கொண்டிருந்தாள், அவளுக்குக் கொடுத்திருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து எனக்குப் பின்னால் “வுடுடி” என்று கேட்டது. அச்சு அசல் எங்கள் கேப்டனின் குரல். கை எறிந்துவிட்டது. பந்து வளையத்தைத் தொடவில்லை, வளையத்தைத் தாங்கும் பலகையையும் தொடவில்லை, நேராகப் போய் டீ கேனைத் தட்டிவிட்டது. திரும்பிப் பார்த்தால் பின்னால் நிற்பது பதினொன்று. இடுப்பில் கை வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

“இன்னா நீ, யார் சொன்னாலும் வுட்டுடுவியா?” என்று கேட்டாள்.

தோற்றோம். எனக்கு அவமானத்தில் காது சூடாகிவிட்டது. கேப்டன் என்னோடு ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. மேடம் எங்களைக் கூட்டிவைத்து வார்த்தைகளை மாற்றினார். அன்றிலிருந்து எறிய ‘பஜ்ஜி’, கொடுக்க ‘போண்டா’. “எவ வந்து வுடு வுடுன்னு தொண்ட கிழியக் கத்துனாலும் நீ காதுல வாங்கவே கூடாது. பந்த இறுக்கிப் புடிச்சிக்கினு அப்படியே நில்லு” என்று என்னிடம் மட்டும் தனியாகச் சொன்னார். நானும் மனப்பாடம் செய்துகொண்டேன். அரையிறுதியில் எங்கள் பெஞ்ச் மொத்தமும் எழுந்து நின்று ‘பஜ்ஜி, பஜ்ஜி’ என்று அலறியபோது, பார்க்க வந்த கூட்டம் நாங்கள் மத்தியானம் சாப்பிடாமல் வந்துவிட்டதாக நினைத்துச் சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும். ஜெயித்துவிட்டோம்.

இறுதிப் போட்டியில் எதிரே வந்து நின்றது அதே கல்லூரி, அதே பதினொன்று.

பொதுவான இடமாக இருக்கட்டும் என்று இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத அந்தக் கடலோர மைதானத்தை ஏற்பாடு செய்திருந்தார்கள். திருக்கழுக்குன்றம் வழியாகக் கல்லூரி பஸ்ஸில் பாட்டுப் பாடிக்கொண்டே போய்ச் சேர்ந்தோம். கம்பங்களுக்குப் புதிதாக நீலப் பெயின்ட் அடித்து, கோடெல்லாம் வெள்ளையாகப் போட்டுப் பளிச்சென்று வைத்திருந்தார்கள். அந்த உப்புக் காற்றில் பெயின்ட்டுக்கு அடியில் இரும்பு என்ன கதியில் இருந்தது என்பது யாருக்குமே தெரியாது. காலையில் பையன்களின் ஃபைனல் நடந்தது. ஜெயித்த டீமில் ஒருவன் குதித்து வளையத்தைப் பிடித்துத் தொங்கி, ஊஞ்சல் மாதிரி ஆடினான். எல்லோரும் விசில் அடித்தார்கள், நானும்தான் கை தட்டினேன்.

சாயங்காலம் எங்கள் ஆட்டம். காற்று பலமாக இருந்தது. பந்து பலகையில் பட்டால் வளையம் கிடுகிடுவென்று ஆடியது. பதினொன்று மட்டும் ஒருமுறை நின்று, அண்ணாந்து பார்த்து, நடுவரிடம் போய் ஏதோ சொன்னாள். அவர் வந்து கம்பத்தைக் கையால் அசைத்துப் பார்த்துவிட்டு, காற்றுதான், ஆடுங்கள் என்றார். ஆட்டத்தை இழுத்தடிக்க இவள் செய்யும் இன்னொரு வேலை என்று நான் நினைத்தேன்.

கடைசி நிமிடம். மறுபடியும் நாங்கள் ஒரு பாயிண்ட் பின்னால். கேப்டன் எறிந்த பந்து வளையத்தில் மோதி, பலகையில் அடித்து, வெளியே வந்தது. நான் எம்பி அதைப் பிடித்துவிட்டேன். வளையத்துக்கு நேர் கீழே நிற்கிறேன். முதுகு பலகைப் பக்கம், முகம் மைதானத்தின் பக்கம். திரும்பி ஒரு தட்டு தட்டினால் கோப்பை எங்களுக்கு. எதிரே இரண்டடி தள்ளி பதினொன்று, என்னைப் பார்த்தபடி. இல்லை, என்னை அல்ல, எனக்கு மேலே பார்த்தபடி.

“வுடு, வுடு” என்று கத்தினாள்.

அட, மறுபடி ஆரம்பித்துவிட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. உள்ளுக்குள் சிரிப்பே வந்தது. இந்தத் தடவை உன் பாச்சா பலிக்காதுடி என்று நினைத்துக்கொண்டேன். மேடம் சொல்லிக் கொடுத்தபடியே பந்தை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்து, முழங்காலை மடக்கி, காலை அகட்டி, அந்த இடத்திலேயே ஆணி அடித்ததுபோல் நின்றேன். ‘அங்கேயே நிற்காதே, வுட்டுட்டு ஓடு’ என்று அவள் சொல்கிறாள் என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை.

அடுத்த நொடி அவள் தோள் என் வயிற்றில் வந்து இடித்தது. இரண்டு கையாலும் என் இடுப்பைக் கட்டிப்பிடித்து, மொத்த உடம்பையும் போட்டுத் தள்ளினாள். நான் பக்கவாட்டில் போய்ச் சிமெண்ட் தரையில் விழுந்து முழங்கை தேய்ந்தது. நடுவரின் விசில் கேட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், கீழே கிடந்தபடி நான் சந்தோஷப்பட்டேன். ஃபவுல். இரண்டு ஃப்ரீ த்ரோ, யாரும் மறிக்காமல் இரண்டு தடவை எறியலாம். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அந்த நினைப்பு முடிவதற்குள் ஒரு சத்தம். பரணில் இருக்கும் அண்டா குண்டா எல்லாம் மொத்தமாகச் சரிந்து விழுந்தால் கேட்குமே, அதுபோல. தரை அதிர்ந்தது என் கன்னத்தில் தெரிந்தது. அப்புறம் கடலின் சத்தம் மட்டும்தான்.

தலையைத் திருப்பினேன். நான் நின்ற இடத்தில் நான் இல்லை, பலகை கிடந்தது. பலகையும் வளையமும் அவற்றைத் தாங்கிய இரும்புச் சட்டமும் அப்படியே முறிந்து, நான் காலை அகட்டி நின்ற அதே இடத்தில் குப்புறக் கிடந்தன. நடுவர் ஃபவுல் காட்டத் தூக்கிய கையைக் கீழே போடாமல், வாயில் விசிலோடு அப்படியே நின்றார். பந்து என் கையில் இன்னும் இருந்தது. அதை யாரோ வந்து விரல் விரலாகப் பிரித்து எடுத்தார்கள்.

பதினொன்று எனக்குப் பக்கத்தில் கிடந்தாள். அவளுடைய இடது பாதம் அந்தச் சட்டத்துக்கு அடியில் இருந்தது. அவள் கத்தக்கூட இல்லை. மெல்லிய குரலில் “அம்மா” என்றாள், அவ்வளவுதான். இரண்டு டீம் பெண்களும் ஓடிவந்து, எந்தக் கலர் ஜெர்சி என்றெல்லாம் பார்க்காமல் கை கொடுத்துச் சட்டத்தைத் தூக்கினார்கள். தூக்கும்போது எங்கள் கேப்டன் ஓவென்று அழுதுகொண்டிருந்தாள்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு வேனில் போனோம். நானும் வருவேன் என்று அடம்பிடித்து ஏறினேன். அவள் தலை என் மடியில். அவர்கள் கல்லூரி மேடம் அவள் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவள் முகம் சுருங்கியது. பாதி வழியில் அவளே கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

“இன்னா நீ, சொன்னா வுட மாட்டியா?” என்றாள்.

நீதானே போன தடவை அப்படிச் சொல்லி ஏமாற்றினாய் என்று நான் அழுதுகொண்டே சொன்னேன். அந்த வலியிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

“தெரியும். என் வாயால சொன்னா நீ நம்ப மாட்டே. நீ கால அகட்டிக்கினு நின்ன பாரு, அப்பவே புரிஞ்சிடிச்சி. அதான் இடிச்சேன்.”

கோப்பை என்ன ஆனது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. அப்புறம் இரண்டு கல்லூரிக்கும் சேர்த்துக் கொடுத்தார்களாம். எனக்கு அந்தக் கோப்பையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அவளுக்குப் பாதத்தில் எலும்பு முறிந்து தகடு வைத்தார்கள். பல்கலைக்கழக அணிக்கான பயிற்சி முகாமுக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்த முகாமுக்கு அவள் போகவே இல்லை.

கட்டு போட்டு வீட்டில் இருந்தபோது புதுப்பட்டினத்துக்குப் பார்க்கப் போனேன். கதவைத் திறந்தவர் அவளுடைய அம்மா. ‘நீதான் அந்தப் பொண்ணா’ என்று கேட்டார். தன் பெண்ணின் ஆட்டத்தையே முடித்துவைத்தவள் என்று திட்டப்போகிறார், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று தலையைக் குனிந்தேன். அவர் என்னைக் கீழிருந்து மேல்வரை நிதானமாகப் பார்த்தார்.

“இவ்ளோ ஒசரம் கீறே, அண்ணாந்து பாக்கத் தெரியலையாம்மா?” என்றார். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், சாப்பிடாமல் அனுப்ப மாட்டேன் என்று உட்காரவைத்தார். எனக்கு ஒரு வாய் இறங்குவதற்குள் கண்ணில் தண்ணீர் கொட்டிவிட்டது. உள்ளறையிலிருந்து அவள், எங்கள் வீட்டு நாஸ்தா அவ்வளவு மோசமா என்று குரல் கொடுத்தாள்.

இப்போது அவள் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. நடப்பதில் குறை தெரியாது. ஆனால் பழையபடி எம்ப வரவில்லை. நான் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். மாதம் ஒருமுறையாவது இரண்டு பேரும் கடற்கரையில் போய் உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிடுவோம். ஏன் சிரிக்கிறீர்கள் என்று பஜ்ஜிக்காரர் கேட்காத நாள் இல்லை.

பலகை விழுந்ததை நினைத்தால்கூட இப்போது எனக்கு நடுக்கம் கொஞ்சம் குறைந்துவிட்டது. குறையாதது வேறொன்று. அவள் நின்ற இடத்தில் பலகை விழவில்லை. ஆட்டத்தில் முன்னிலையில் இருந்தது அவர்கள்தான். நகராமல் சும்மா நின்றிருந்தாலே போதும், அவள் மேல் ஒரு கீறல் பட்டிருக்காது, ஒருத்தரும் அவளை ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். தான் சொன்னால் இவள் நம்ப மாட்டாள் என்று தெரிந்த அந்த ஒரு நொடியில் அவள் ஏன் பின்னால் போகாமல் முன்னால் வந்தாள் என்று நான் பலமுறை கேட்டுவிட்டேன், அவள் ஒவ்வொரு தடவையும் ‘அத வுடு’ என்றுதான் சொல்கிறாள், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவள் சொல்லி இன்றுவரை என்னால் விட முடியவில்லை.