சும்மாப் பொருட்கள்

எங்கள் தாஷ்கந்து மாத்திரைத் தொழிற்சாலையில் மருந்துக்குத்தான் மரியாதை. கூடச் சேரும் மாவு, சர்க்கரை, சோடா உப்பு எல்லாவற்றுக்கும் 'சும்மாப் பொருள்' என்று பெயர். எங்களுக்கெல்லாம் அக்காவான மவ்லூதா ஓபா பத்தொன்பது வருடமாக அவற்றை நிறுத்துச் சலித்துக் கலப்பவர். அந்தப் பெயரைச் சொன்னால், "சும்மா இருக்கறது நீதான்" என்பார்.

புதிய ரத்த அழுத்த மாத்திரை நிற்கவில்லை. சூடும் ஈரமுமான சோதனை அறையில் மூன்று மாதத்தில் மருந்து சிதைந்துவிடும். அதைக் காக்கச் சோடா உப்பு சேர்த்தும் இரண்டு முறை தோற்றோம். மூன்றாவதும் தோற்றால் மாத்திரையைக் கைவிடுவது என்று பிரிவுத் தலைவர் ஹிக்மத் அகா சொல்லிவிட்டார். ஓபா அன்று சாப்பிடவில்லை. தெற்கே, வெயில் கொளுத்தும் தெர்மெஸ் நகரில் லாரி ஓட்டும் அவர் தம்பி பஹ்ராமுக்கு வேண்டிய மாத்திரை அது. மற்றவர்கள் தயாரிப்பது அங்கே கடைகளில் பாதி நாள் கிடைக்காது. தம்பி வாராவாரம் போனில் கேட்பார், நம்முடையது எப்போது வரும் என்று.

ஒரு மதியம், புதிதாகச் சேர்ந்த ஸுல்ஃபியா தேநீரைப் போட்டதும் நேராகக் கிண்ணங்களில் ஊற்றினாள். ஓபா அவள் கையைப் பிடித்தார். எங்கள் ஊர் வழக்கப்படி, கிண்ணத்தில் ஊற்றி மறுபடி கூஜாவிலேயே விட வேண்டும், மூன்று முறை. அதன் பிறகுதான் மனிதருக்கு.

"மூணு தடவை ஊத்தலன்னா யாரு செத்தா, ஓபா?"

"இலையும் தண்ணியும் இன்னும் ஒண்ணு சேரல. அதுக்குள்ள ஊருக்கே பரிமாறிட்டியே."

சொல்லிவிட்டு ஓபா அப்படியே உட்கார்ந்திருந்தார். தேநீர் ஆறியது. மாத்திரைக்கும் நாங்கள் எல்லாத் தூளையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்து, கடைசியில்தான் தண்ணீர் விட்டுவந்தோம். மருந்தும் சோடாவும் மாவுக் கூட்டத்தில் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை.

மறுநாள் ஓபா அவை இரண்டையும் மட்டும் கொஞ்சம் தண்ணீரில் பிசைந்தார். நுரைத்துப் பொங்கியது. எட்டிப் பார்த்த ஹிக்மத் அகா, ரொட்டிக்கடை வைக்கப் போகிறாயா என்று கேட்டார்.

"நுரை அடங்கட்டும் அகா. அப்புறம் திட்டுங்க."

அடங்கிய பிறகே மாவு சேர்த்தார்.

அந்த மாத்திரை சோதனை அறையில் மூன்று மாதம் தாண்டியது. ஆறாவது மாத முடிவிலும் மருந்து ஏறக்குறைய முழுசாக இருந்தது. ஹிக்மத் அகா சோதனை முடிவுக் காகிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு அவரே கூஜாவை எடுத்து, மூன்று முறை ஊற்றித் திருப்பி, முதல் கிண்ணத்தை ஓபாவிடம் நீட்டினார்.

ஓபா தம்பிக்குப் போன் செய்தார். பஹ்ராம் என்ன கேட்டார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. ஓபா சொன்னது கேட்டது.

"தாங்கும்டா. அதுக்காக லாரிக் கண்ணாடிக்கடியில வெயில்ல போட்டு வைக்காத. அந்த அளவுக்கு நான் பண்ணல."