ஊரான் காதில் மாட்டிய ஹெட்போன்

அந்த ஆஸ்பத்திரியில் லிஃப்ட்டுக்குப் பின்னால், ஜன்னலே இல்லாத ஒரு அறை உண்டு. டாக்டர்கள் பேசிப் பதிந்து வைத்ததைக் காதால் கேட்டு டைப் அடிக்கிற வேலை அவளுக்கு அங்கே. எந்த நோயாளிக்கு என்ன வியாதி, என்ன மருந்து, எத்தனை வேளை என்பதெல்லாம் அவள் காது வழியாகத்தான் காகிதத்துக்குப் போகும். வேலையில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. வயிற்றைப் புரட்டியதெல்லாம் அந்த ஹெட்போன்தான்.

நாற்காலி ஒன்று, கம்ப்யூட்டர் ஒன்று, ஹெட்போன் ஒன்று. ஆள் மட்டும் இரண்டு. பகலுக்கு இவள், ராத்திரிக்கு ஒருவன். இவள் கிளம்பிய பிறகு அவன் வருவான், இவள் வருவதற்குள் போயிருப்பான். மூஞ்சியைக்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் அவனைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவுமே இல்லை என்பது அவள் கட்சி. காலையில் வந்து ஹெட்போனைக் கையில் எடுத்தால் போதுமே! காதை மூடும் பஞ்சின் மேலிருந்த ரெக்சின் உரிந்து பக்குப் பக்காகத் தொங்கும். அந்த இடுக்கில் பிசுபிசுவென்று ஏதோ மஞ்சளாக ஒட்டியிருக்கும். மூக்கருகே கொண்டுபோனால், ஊறப்போட்டு மறந்துபோன துணியின் நாற்றம் அடிக்கும். எதற்கு மூக்கருகே கொண்டுபோனாள் என்று கேட்காதீர்கள். அருவருப்புப் பிடித்தவர்கள் எல்லோருமே மோந்து பார்த்துவிட்டுத்தான் ‘சீ’ என்பார்கள்.

“குளிக்கவே மாட்டானா சார் அந்த ஜென்மம்? ஒரு துணியெடுத்துத் தொடைக்கவாவது தெரியாதா?” என்று சூப்பர்வைசரிடம் போய் நின்றாள்.

“வேலை சுத்தமா செய்றான்மா,” என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

“வேலை சுத்தமா இருந்தா போதுமா? ஆள் சுத்தமா இருக்க வேண்டாமா?”

ஆபீசில் அவளுக்கு ‘சோப்பக்கா’ என்று பெயர். பிறர் தொட்ட கதவுப்பிடியை முழங்கையால் தள்ளித் திறப்பாள். மௌஸைத் துடைப்பாள், கீபோர்டைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டுவாள், நாற்காலியில் காகிதம் விரித்து உட்காருவாள். அப்பேர்ப்பட்டவள், முகம் தெரியாத ஒருத்தன் ராத்திரி முழுக்கக் காதில் வைத்து அழுத்திய அந்தக் கருமத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. தினம் தினம் மாட்டுகிற நொடியில் உடம்பு ஒரு தரம் கூசும்.

முதலில் இடது காதில் அரிப்பு வந்தது. பிறகு ஏதோ வைத்து அடைத்த மாதிரி இருந்தது. ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் தலையணை உறையில் ஈரமாக ஒரு கறை. அதைப் பார்த்துவிட்டு அவள் காலைச் சாப்பாடே சாப்பிடவில்லை.

காது டாக்டர் உள்ளே ஒரு குழாயை விட்டு உறிஞ்சினார். பக்கத்தில் ஒரு திரையில் காதின் உட்புறம் தெரிந்தது. பார்க்காதே என்று மனம் சொன்னது, கண் கேட்கவில்லை. பழைய ரொட்டியின் மேல் பூக்குமே, அதுபோல வெள்ளையும் கறுப்புமாக நார் நாராக அவள் காதுக்குள் பூத்திருந்தது.

“பூஞ்சை. மூடி மூடி வச்சு, ஈரமும் சேர்ந்தா இப்படித்தான் ஆகும்,” என்றார் டாக்டர். “ஹெட்போன் மாட்டுற வேலையா?”

“ஆமா டாக்டர். இன்னொருத்தனும் அதையே மாட்டுறான்.” அவள் குரலில் அழுகையைவிடக் கோபம்தான் முந்தியது.

“இனிமே அதைத் தொடாதீங்க. சவ்வு ஏற்கெனவே மெலிஞ்சு போயிருக்கு. இன்னொரு தடவை இது வந்துச்சுன்னா ஓட்டை விழுந்துடும். அப்புறம் கேக்கிற வேலைக்கே போக முடியாது.”

காது போனால் சோறு போச்சு. டாக்டர் ஈரம், காற்றோட்டம் என்று இன்னும் என்னென்னவோ சொன்னார். அவள் மனசுக்குள் ஓடியதெல்லாம் ஒரே வரிதான்: பாவி, உன் அழுக்கை என் காதுக்குள் கொண்டுவந்து கொட்டிவிட்டாயே!

சூப்பர்வைசர் பெரிய மனசு பண்ணி, “வேணும்னா சொந்தமா ஒண்ணு வாங்கிட்டு வந்து மாட்டிக்கங்க,” என்றார். காதில் வைத்த மருந்துப் பஞ்சை எடுத்த வாரமே, வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பினாள்.

கடையில் ஒரு சுவர் முழுக்க ஹெட்போன். மாட்டிப் பார்க்க என்று சிலவற்றைக் கம்பியில் கட்டி வைத்திருந்தார்கள். அவள் அவற்றைப் பார்த்த பார்வையில் கடைக்காரருக்கே சங்கடமாகிவிட்டது. போகிறவன் வருகிறவன் எல்லாம் மாட்டிக் கழற்றியது! எதற்குப் பயந்து இங்கே ஓடிவந்தாளோ, அதுவே வரிசையாகத் தொங்கிக்கொண்டு இளித்தது.

“எல்லாம் க்ளீன் பண்ணி வச்சதுதான் மேடம்,” என்று சொல்லிக்கொண்டே கடைக்காரர் ஒன்றை எடுத்துத் தன் பேன்ட்டின் தொடையில் இரண்டு தேய்ப்புத் தேய்த்து நீட்டினார்.

அவள் இரண்டடி பின்வாங்கினாள். கைப்பையிலிருந்து துவைத்து மடித்த கைக்குட்டைகளை எடுத்து, ஒவ்வொரு காதின் மேலும் ஒன்றை விரித்து, அதன் மேல்தான் மாட்டிப் பார்த்தாள். கடையில் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும், அவர்களா காதுக்கு மருந்து ஊற்றப்போகிறார்கள்?

காதுக்குள் செருகுகிற ரகத்தை அவள் தொடவே இல்லை. ஊரான் காதுக் குடைவுக்குள் போய்வந்த ரப்பரைப் பார்ப்பதே பாவம் என்று அடுத்த தட்டுக்கு நகர்ந்துவிட்டாள். அடுத்தது காதின் மேல் உட்காரும் சின்ன ரகம். மாட்டிய கொஞ்ச நேரத்திலேயே மூக்குக் கண்ணாடியின் காலைக் காதோடு சேர்த்து நெருக்கியதில், வலியில் உயிர் போனது. அதற்கடுத்தது காதையே முழுசாக விழுங்குகிற பெரியது, தோல் உறை போட்டது.

“இது பாருங்க மேடம். பேஸ் சும்மா நெஞ்சுல வந்து இடிக்கும்!”

“எனக்கு நெஞ்சுல இடிக்க வேண்டாம் தம்பி. ஒருத்தர் வாய்க்குள்ளயே முனகுவாரு. அது புரியணும், அவ்வளவுதான்.”

கடைக்காரர் போட்ட பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டுத் தன் போனை நீட்டினாள். அதில், வேலை பழக்குவதற்காக ஆபீசில் கொடுத்திருந்த மாதிரிப் பதிவு ஒன்று இருந்தது. பேசுகிறவர் அவர்கள் ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர். அவர் பேச்சை டைப் அடிக்கத் தெரிந்தவர்கள் உலகத்தில் வேறு எதையும் டைப் அடித்துவிடலாம். எதையாவது தின்றுகொண்டிருந்தால்தான் அவருக்குப் பேச்சே வரும்.

இதற்குள் வீட்டுக்காரர் பக்கத்தில் ஒன்றை மாட்டிக்கொண்டு, “சூப்பரா இருக்குடி! இதையே வாங்கிடு!” என்று கடையே அதிரக் கத்தினார். தான் கத்துவது அவருக்குத் தெரிந்தால்தானே?

“கைக்குட்டை போட்டீங்களா?” என்று சைகையில் கேட்டாள். அவர் பல்லைக் காட்டினார். இன்றைக்கு இவர் தனித் தலையணையில்தான் படுக்க வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தாள்.

தோல் உறைக்காரனில் பெரிய டாக்டரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ‘தொம் தொம்’ என்று மட்டும் கேட்டது. போதாததற்குக் காதைச் சுற்றி வேர்த்து ஊற்றியது, கனமோ கழுத்தை இழுத்தது. கழற்றி வைத்துவிட்டு நாலாவதை எடுத்தாள். துணி உறை போட்டது, காதைத் தொடாமல் சுற்றி உட்காருகிற அகலம், இருப்பதே தெரியாத கனம். உறையைக் கழற்றித் துவைக்கலாம் என்றார் கடைக்காரர். அதை மாட்டிக்கொண்டு குனிந்தாள், நிமிர்ந்தாள், தலையை ஆட்டினாள், கடையை நாலு சுற்றுச் சுற்றி வந்தாள். வீட்டுக்காரர் கொட்டாவி விடும்வரை கழற்றவே இல்லை. கண்ணாடியின் கால் உறுத்தவில்லை. பிறகுதான் பதிவைத் தட்டினாள்.

அடக் கடவுளே! பெரிய டாக்டர் அவள் காதுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். பிஸ்கட் நொறுங்கியது. டீயை உறிஞ்சினார். பல்லிடுக்கில் மாட்டியதை நாக்கால் துழாவி ‘ட்ச்சு’ என்று இழுத்தார். நடுவில் ஒரு ஏப்பம், அதையும் பாதியில் விழுங்கினார். பழைய ஹெட்போன் இத்தனை நாளாக இதையெல்லாம் மறைத்து அவளுக்கு உபகாரம் செய்திருக்கிறது! அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் அத்தனை அசிங்கத்துக்கும் நடுவில், மருந்தின் பெயரும் அளவும் ஓர் எழுத்துக்கூடச் சிதறாமல் கணீரென்று வந்து விழுந்தன.

“இதான்,” என்றாள், குமட்டலை அடக்கிக்கொண்டு. “இதையே குடுங்க. தொங்கிட்டிருக்கிறது வேண்டாம், சீல் உடைக்காதது.”

புது ஹெட்போன் வந்த பிறகு அவளுக்கு வேலை பூவாக இருந்தது. காதில் அரிப்பு நின்றது. காதைச் சோதித்த டாக்டரும் சரியாகிவிட்டது என்று தலையை ஆட்டினார். ராத்திரி ஆளின் பழைய சனியனை இரண்டு விரலால் நுனியைப் பிடித்துத் தூக்கி மேஜையின் அந்தக் கோடியில் தள்ளிவிட்டாள். தன்னுடையதைத் துணிப்பையில் போட்டு டிராயரில் வைத்து, மேலே ‘தொடாதே’ என்று எழுதி ஒட்டிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவாள். டிராயருக்குப் பூட்டு கிடையாது.

ஒருநாள் காலையில் டிராயர் லேசாகத் திறந்திருந்தது. துணிப்பையின் வாய்க்கயிறு வேறு மாதிரி முடிச்சுப் போட்டிருந்தது.

அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. ஒட்டியதைப் படித்துவிட்டும் தொட்டிருக்கிறான்! கழுவாத காதோடு, பிசுக்குத் தலையோடு, அவள் பார்த்துப் பார்த்து வாங்கியதை மாட்டியிருக்கிறான்! உறையைக் கழற்றிச் சுடுதண்ணீரில் அலசினாள், மறுபடி அலசினாள், அப்படியும் மனம் ஆறவில்லை. அந்தப் பூஞ்சையின் படம் கண்ணை விட்டுப் போகவில்லை. இன்னொரு தடவை என்றல்லவா டாக்டர் சொல்லியிருந்தார்.

மறுநாள் விடிந்தும் விடியாததுமாக எழுந்து, வழக்கம்போலத் தலைக்கு ஊற்றிக்கொண்டு, துவட்டக்கூட நிற்காமல் சொட்டச் சொட்டக் கொண்டை போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அவன் கிளம்புவதற்குள் பிடிக்க வேண்டும். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும். பஸ்ஸில் வரும்போதே கேள்விகளை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தாள்.

அறையில் ஒருவன் தன் டிபன் பாக்ஸைப் பையில் வைத்துக்கொண்டிருந்தான். ஒடிசலான ஆள், கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டை, வழித்த முகம். பக்கத்தில் போனால் சோப்பு வாசனை அடித்தது. மேஜையைத் துடைத்து, கீபோர்டை நேராக வைத்திருந்தான். இவன்தானா என்று ஒரு கணம் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

“என் டிராயரைத் திறந்தது யாரு?” என்றாள், சந்தேகத்தை உதறிவிட்டு.

அவன் பதில் சொல்லவில்லை. பையின் ஜிப்பை மூடினான். திமிரைப் பார் என்று அவள் சுற்றிக்கொண்டு முன்னால் போய் நின்ற பிறகுதான் திடுக்கிட்டு நிமிர்ந்தான். அப்போதுதான் அவன் வலது காதில் பஞ்சு அடைத்திருப்பதைப் பார்த்தாள்.

“பகல் ஷிஃப்ட் அக்காவா? இந்தப் பக்கம் நின்னு பேசுங்கக்கா. அந்தக் காது போயிடுச்சு.”

“என் டிராயரை...”

“நான்தான்க்கா திறந்தேன். மன்னிச்சுக்கங்க. மாட்டல, சத்தியமா மாட்டல. என்ன கம்பெனின்னு மட்டும் பாத்தேன். நானும் அதையே ஒண்ணு வாங்கலாம்னு இருந்தேன்.” அவன் லேசாகச் சிரித்தான். “நேத்துதான் டாக்டர் சொன்னாரு, இனிமே வாங்கிப் பிரயோஜனம் இல்லைன்னு. சவ்வு போயி, உள்ளேயும் அரிச்சிடுச்சாம். இன்னைக்கோட வேலை முடியுது.”

அவள் பார்வை மேஜைக் கோடியில் கிடந்த பழைய ஹெட்போனுக்குப் போனது.

“டாக்டர் திட்டுனாரு, ஈரத்தோட எதுக்குடா மாட்டுனேன்னு. நான் எங்கக்கா ஈரமாக்கினேன்? ராத்திரி வந்து எடுத்தாலே அந்தப் பஞ்சு நனைஞ்சுதான் இருக்கும். துணி வச்சு ஒத்தி எடுத்துட்டுத்தான் மாட்டுவேன். பிழிஞ்சா தண்ணி வரும் ஒவ்வொரு நாளும். நீங்க புதுசு வாங்குனதுக்கப்புறம்தான்க்கா அது காஞ்சிருக்கு.” அவன் குரலில் குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. தனக்குத் தெரிந்ததைச் சொன்னான், அவ்வளவுதான்.

அவள் கொண்டையிலிருந்து தண்ணீர் கழுத்து வழியாக இறங்கி, ரவிக்கையின் முதுகை நனைத்துக்கொண்டிருந்தது. வருஷக்கணக்காக ஒவ்வொரு காலையும் இப்படித்தான் வந்து உட்கார்ந்தாள். சாயங்காலம் அவிழ்த்தால்கூட உள்மயிர் உலர்ந்திருக்காது. உலகத்து அழுக்கையெல்லாம் முழங்கையால் தள்ளிவிட்டு வந்த அவளுக்குத் தன் தலை, தன் முடி, தன் காதில் பூத்து வழிந்தது எல்லாமே ஒரே நேரத்தில் அருவருத்தன. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தவள், ஈரக் கொண்டையை முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். வாசல்வரை போனவன் எதையோ நினைத்துக்கொண்டு திரும்பி வந்தான்.

“புதுசு நல்லாக் கேக்குதாக்கா?” என்று கேட்டுவிட்டு, அவள் சொல்லப்போகும் பதிலுக்காக நல்ல காதைத் திருப்பிக்கொண்டு நின்றான்.