கண்டக்டரக்காவின் வாய்

செய்தித்தாளில் அவளை ‘மொழிப் போராளி’ என்று எழுதினார்கள். போராளியாவது ஒன்றாவது! அவள் டவுன் பஸ் கண்டக்டர். ஸ்டாப் வந்தால் ஆட்சிமொழியில் ஒருதரம் கத்துவாள், தன் வீட்டு மொழியில் இன்னொருதரம். அரசாங்கம் இடங்களுக்கெல்லாம் பெயர் மாற்றியதிலிருந்து, வீட்டு மொழி மட்டும் தெரிந்த சனம் கண்ட இடத்தில் இறங்கித் திண்டாடியது. அவளுக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான்.

மெமோ வந்தது. மடித்துப் பைக்குள் செருகிக்கொண்டு மறுபடி கத்தினாள். அப்புறம் வழக்கே வந்துவிட்டது, பொது வாகனத்தில் தடைசெய்த மொழியைப் பேசினாள் என்று.

சாட்சி, தினமும் அவள் பஸ்ஸில் வருகிற பழைய இரும்பு வியாபாரி, வீட்டு மொழி தவிர வேறு தெரியாத பெரியவர். வீட்டு மொழி தெரிந்த போலீஸ்காரர் ஒருவர், “அந்தப் பொண்ணு நம்ம பேச்சுல ஸ்டாப் சொல்லுமா?” என்று கேட்டிருக்கிறார். அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்து, “ஆமா, வாய் நிறையச் சொல்லும்” என்று கைநாட்டு வைத்துவிட்டார் பாவி மனுஷன்.

வக்கீல் படித்துப் படித்துச் சொன்னார். “கோர்ட்டுல நீங்க வாயே திறக்கக் கூடாதும்மா. அவரு தடுமாறினா கேஸ் நிக்காது. வேலை தப்பிச்சிடும்.”

தையல்கடையை இழுத்து மூடிவிட்டு உட்கார்ந்திருந்த கணவனும் கெஞ்சினான். அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. சரியென்று தலையாட்டினாள்.

கூண்டில் ஏறிய பெரியவரிடம் நீதிபதி ஆட்சிமொழியில் ஏதோ கேட்டார். அவர் திருதிருவென்று முழித்தார். மறுபடி கேட்டபோது நீதிபதியின் குரல் உயர்ந்தது. பெரியவரின் கண் எங்கெங்கோ அலைந்து அவள்மேல் வந்து நின்றது. பஸ்ஸில் தன் ஸ்டாப் வந்துவிட்டதா என்று தெரியாமல் பார்ப்பாரே, அதே பார்வை.

“பேரைக் கேக்குறாங்க மாமா, பேரைச் சொல்லுங்க” என்றாள் வீட்டு மொழியில், பஸ்ஸில் கத்துகிற அதே குரலில்.

வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார். அதற்குமேல் சாட்சி எதற்கு? வேலை போயிற்று. பொது இடத்தில் இனி அந்த மொழியில் ஒரு வார்த்தை பேசினாலும் சிறை என்று தீர்ப்பானது.

“ஒருநாள் வாயைக் கட்ட முடியலையா உன்னால?” என்றான் கணவன், வெளியே வந்ததும்.

“அவரு முழிச்சுக்கிட்டு நின்னாரேங்க.”

பஸ் ஸ்டாப்பில் பெரியவரும் நின்றிருந்தார். நடந்தது என்னவென்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பஸ் வந்ததும் வழக்கம்போல் அவளிடம் வந்து, “இது நம்ம பக்கம் போகுமாம்மா?” என்றார்.

நாலடி தள்ளி ஒரு போலீஸ்காரர் நின்றுகொண்டிருந்தார். அவள் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள், தலையை மட்டும் ஆட்டினாள்.

“என்னம்மா, எம்மேல கோவமா?” என்றார் பெரியவர்.