தேவராஜு பாவாவின் வட்ட ரம்பம்

மணவூரில் மகள் வீட்டில் இருந்தேன். பேரனுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது, திருத்தணி வண்டியில் தினமும் பூக்கூடையோடு வந்து இறங்கும் அம்மாள் வாசலில் நின்று, "ராஜம்மா வூட்டுக்காரரு விடியக்காலம் போயிட்டாருங்க" என்றார். ராஜம்மா என் அக்கா. அவள் கணவர் தேவராஜு எனக்குப் பாவா. எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேருக்கும் அவர் பாவாதான். அடுத்த வண்டியைப் பிடித்துத் திருத்தணி வீட்டுக்குப் போனதும் அக்காவிடம் கடைசியாக என்ன பேசினார் என்று கேட்டேன். படுத்தபடி மேலே பார்த்து, "அந்த ஃபேன்ல ஒரு சத்தம் வருதே, எங்கிருந்து வருது?" என்றாராம். பதில் தெரியாமல் போய்விட்டாரே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அழுகை பிறகுதான் வந்தது.

அவரைத் தெரிந்தவர்களுக்கு அவருடைய ரம்பத்தையும் தெரிந்திருக்கும். அரக்கோணத்தில் ஒரு மரவாடியில் நெடுங்காலம் வேலை பார்த்தார். அதை மூடியபோது பழைய வட்ட ரம்பம் ஒன்றை மேசையோடு வாங்கி, மாட்டு வண்டியில் ஏற்றி வந்து, தோட்டத்துத் தகரக் கொட்டகையில் நிறுத்தினார். இரும்பு மேசை; நடுவில் ஒரு பிளவு; அதில் ரம்பம் பாதி நிலா போல எழுந்து நிற்கும். அடியில் மோட்டார், பெல்ட். மேசை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க அதன்மேல் அக்காவின் தாம்பாளத்தை வைத்துத் தண்ணீர் ஊற்றினார். நீர் ஒரு பக்கம் ஒதுங்க, கால்களுக்கு அடியில் தகடு செருகினார். பிறகு மரமே வைக்காமல் வெறுமனே ஓடவிட்டு, ஒரு குச்சியின் நுனியைப் பேரிங்கில் வைத்து மறு நுனியைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "என்னா சொல்லுது?" என்று அக்கா கேலி செய்தாள். "உன்ன மாதிரிதான். எண்ணெ கேக்குது" என்றார்.

நாங்கள் அடுத்த வீடு. என் வீட்டுக்காரர் பொதட்டூர்பேட்டையில் விசைத்தறிக்குப் போய் வாரக் கடைசியில்தான் வருவார். பகலில் நான் பாவாவுக்கு எதிர்ப்பக்கம் நின்று, அறுத்து வரும் பலகைகளை வாங்கி அடுக்குவேன். காவடிப் பலகை, தறிக்கட்டை, முக்காலி என்று ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். ரம்பம் மரத்துக்கு மேலே ஒரு விரற்கடைதான் தெரிய வேண்டும். கடைசித் துண்டைக் கையால் தள்ளக் கூடாது, கட்டையால்தான் தள்ள வேண்டும். ரம்பம் மாற்றும்போது பியூஸ் கட்டையைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொள்வார். இதையெல்லாம் அவர் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. எதிரே நின்று பார்த்தால் வராதா?

ஒரு நாள் பலகை ஒன்று ரம்பத்திலிருந்து திமிறிப் பின்னால் பறந்தது. பாவாவின் இடுப்பை ஒட்டிப் போய், சுவரோரம் இருந்த பித்தளைக் குடத்தைக் குழிவிழ அடித்தது. அக்கா அன்றைக்கே ரம்பத்தைத் தூக்கிப் போடச் சொன்னாள். பாவாவோ பலகையை எடுத்து முகர்ந்து பார்த்தார். ஓரம் கருகியிருந்தது. ஒரு நூலைப் பிடித்து அளந்தார். மரம் சாய்ந்து ஓடுகிற ஓரக்கட்டை, பின்பக்கம் நூலளவு ரம்பத்தை நெருங்கியிருந்தது. "மரம் கோவிச்சிக்காது. நாமதான் எங்கியோ இடுக்கிப் புடிச்சிருப்போம்" என்றார். அதன்பிறகு மரத்துக்கு நேர் பின்னால் அவர் நின்றதில்லை, பக்கவாட்டில்தான்.

பிறகு அவர் கண்ணில் புரை விழுந்தது. ரம்பம் நிற்கிறதா சுற்றுகிறதா என்று சத்தத்தை வைத்துத்தான் தெரிகிறது என்று அவரே சொல்லி, அறுப்பதை நிறுத்திவிட்டார். விற்றுவிடலாம் என்றாள் அக்கா. பள்ளிப்பட்டிலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டும் போனார். அன்று நான், "நான் அறுக்கறேன் பாவா" என்றேன். அவர் சிரிக்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்து, "எதெது ரம்பத்துல மாட்டும்?" என்று கேட்டார்.

முந்தானையை இழுத்துச் செருகலாம். தாலியை ரவிக்கைக்குள் போடலாம். கொண்டையை இறுக்கிக் கட்டலாம். வளையலுக்குத்தான் வழியில்லை. கழற்ற வேண்டும். என் மாமியார் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். "இவ கைய மொட்டையா வச்சினு நின்னா, எம் புள்ளைக்கு என்னா ஆச்சின்னு தெருவே வந்து கேக்கும்."

பாவா வாதம் செய்யவில்லை. கை பருமனுக்கு ஒரு வாழைத்தண்டை எடுத்து, கண்ணாடி வளையல்களை மாட்டி, கிழிந்த புடவைத் துணியைச் சுற்றினார். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, நீளக் கழியால் அதை ரம்பத்துக்குத் தள்ளினார். வளையல் சிதறித் தகரத்தில் அடித்தது. துணி உள்ளே போனது, தண்டும் கூடவே போனது. அவர் சுவிட்சை அணைத்தார். மாமியார், "அப்போ அறுக்கத்தான் வேணாம்னு தெரியுதில்ல" என்றார். அதுவும் நியாயம்தான். எனக்குத்தான் விட மனசில்லை. ரம்பம் விலை போவது ஒரு பக்கம். நேராக ஒரு கோடு அறுக்க என்னால் முடியும் என்று எனக்குத் தெரிந்திருந்தது இன்னொரு பக்கம்.

பாவா மாமியாருக்கு எதிரே உட்கார்ந்தார். "ஏம்மா, தெரிஞ்சிக்கத்தான் கேக்கறேன். கையில கண்ணாடிதான் இருக்கணுமா, இல்ல கை மொட்டையாத் தெரியக் கூடாதா? எது?"

மாமியார் உண்மையிலேயே யோசித்தார். அவரை அப்படி யாரும் கேட்டதில்லை. "மொட்டையாத் தெரியக் கூடாது" என்றார்.

ஆடிக் கிருத்திகை வந்தது. மலையடிவாரக் குளக்கரையில் பச்சை குத்துகிற பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பாவா ஒருத்தியிடம் போய், மை எதில் செய்வது, எத்தனை ஊசி, வெளுத்துப் போகுமா என்று கேட்டுக் கேட்டு, "குத்திக்கிறியா, இல்ல கடை வைக்கப் போறியா?" என்று அவள் சலித்துக்கொள்ளும்வரை விடவில்லை. பிறகு என்னையும் மாமியாரையும் கூப்பிட்டார். மணிக்கட்டைச் சுற்றி வளையல் போல ஒரு கோடு போட்டால் போதுமா என்று மாமியாரைக் கேட்டார். மாமியார் கூட்டத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, "ஒத்த வளையலா போடுவாங்க? ரெண்டு போடச் சொல்லு" என்றார். இரண்டு கையிலும் குத்திக்கொண்டேன். புண் ஆறியதும் வளையலைக் கழற்றி மாடத்தில் வைத்துவிட்டு முதல் பலகையை அறுத்தேன். கோடு பிசகவில்லை. வார முடிவில் வந்த என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "செலவில்லாத வளையலு" என்றார்.

அவரும் சில வருஷத்தில் போய்விட்டார். காரியத்தன்று பெண்கள் என்னை உட்கார வைத்து வளையலை உடைத்தார்கள். உடைத்தபின் மணிக்கட்டில் பச்சைக் கோடுகள் அப்படியே இருந்தன. துணியைச் சுற்றி மறை என்று ஒருத்தி முணுமுணுத்தாள். அதற்குள் பார்வை அநேகமாகப் போயிருந்த பாவா, கொட்டகைப் பக்கமிருந்து கேட்டார்: "அத என்னா பண்ணப் போறீங்க?" வம்புக்குக் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

பதில் சொன்னது மாமியார். "அது இருக்கட்டும். எம் புள்ள இருந்தான்றதுக்கு இவ கையில அது ஒண்ணுதான் மிச்சம்."

இப்போது பாவாவின் காரியமும் முடிந்துவிட்டது. காரியத்தன்று மாலை அக்கா என் கையைத் தன் வெறும் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, கோட்டை விரலால் தடவினாள். "ஊரையெல்லாம் கேட்டாரே அந்த மனுசன். உனக்கும் குத்தட்டுமான்னு என்னிய ஒரு வார்த்த கேக்கலியே" என்றாள். உனக்கு இப்போது என்ன வேண்டும் என்று மட்டும் கேட்டேன். "தெரியலடி. நாளைக்கும் வந்து கேளு" என்றாள்.

பாவாவிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது இப்படிக் கேட்பதுதான். தினமும் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.