டக்கென்ற சத்தமும் டாக்டர் பிலோமினாவும்

திண்டிவனத்திலிருந்து டிரங்க் கால் வந்தபோது ஒருவர் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தேன். டாக்டர் பிலோமினா போய்விட்டார் என்றார்கள். அடக்கத்தில் பேசியவர்கள் அவரைச் சாது, யாரையும் எதிர்த்துப் பேசாதவர் என்றார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. விழுப்புரம் ஆஸ்பத்திரியில் அவரோடு வேலை செய்தவர்களே, நீங்களாவது சொல்லுங்கள், அவரா சாது?

ஆறுமுகத்தை மறந்திருக்க மாட்டீர்கள். காணைப் பக்கம், கரும்பாலையில் மிஷின் ஓட்டியவர். தலையில் அடிபட்டுப் பார்வை போனது. நடிக்கிறார் என்றது ஆலை. பார்வை இருக்கிறது என்று டாக்டர்கள் நாங்கள் எழுதிக் கொடுத்தால் மறுபடியும் கரும்பு அரைக்கும் மிஷின் முன்னால் நிற்க வேண்டும். கை போகும், உயிரும் போகலாம்.

மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்வது பிலோமினாவின் வேலை. ஆறுமுகத்தின் தலையில் ஒயர்களை ஒட்டி, எதிரே விளக்கை மின்னவிட்டார். மின்னும்போதெல்லாம் காகிதத்தில் அலை எழுந்தது. "பாத்தீங்களா, கண்ணு தெரியுது" என்று பெரிய டாக்டர் பேனாவை நீட்டினார்.

பிலோமினா வாங்கவில்லை. "ஆறுமுகம், என்னா தெரியுது?"

"ஒண்ணும் தெரியலீங்கம்மா. டக்கு டக்குனு சத்தந்தான் கேட்டுக்கினு இருக்குது."

ஆமாம், விளக்கு மின்னும்போதே சத்தமும் போட்டது. அலை கண்ணால் வந்ததா, காதால் வந்ததா? பிலோமினா ஆறுமுகத்தின் கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டினார். அலை வந்தது. துணியை அவிழ்த்து, காதில் பஞ்சடைத்து, விளக்கைக் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே வைத்தார். அலை இல்லை. வெளிச்சம் போதவில்லை என்று பெரிய டாக்டர் முறைத்தார். உடனே பிலோமினா தன் காதிலும் பஞ்சடைத்துக்கொண்டு, தன் தலையில் ஒயர்களை ஒட்டச் சொல்லி அதே நாற்காலியில் உட்கார்ந்தார். அலை நன்றாகவே எழுந்தது.

"பேஜாரு எதுக்கும்மா? ஜல்தியா கையெழுத்து போடுங்க" என்றார் பெரிய டாக்டர்.

"காது கேக்குதுன்னு வேணா எழுதித் தர்றேன் சார். கண்ணு தெரியுதுன்னு எழுத மாட்டேன்."

அந்த மாதமே பிலோமினாவை அலை பதியும் மிஷின் அறையிலிருந்து மாற்றி, நோயாளிகளுக்குச் சீட்டு எழுதும் இடத்தில் உட்கார வைத்தார்கள். நான் கொதித்தேன். அவர் சிரித்தார். "உக்காந்துக்கினு போறேன். ஆறுமுகத்துக்குக் கை ரெண்டும் இருக்குது இல்ல?"

இருக்கிறது. அடக்கத்தன்று அந்தக் கைகளால்தான் ஆறுமுகம் குழியில் மண் போட்டார்.

இன்று காலை அதே ஆலையிலிருந்து இன்னொருவரை அனுப்பியிருக்கிறார்கள். இவரும் நடிக்கிறாராம். எதனால் எது வந்தது என்று பிரித்துப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன். பிலோமினாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த 'மாட்டேன்'தான். சீட்டு எழுதும் இடத்தில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டு வைக்கட்டும்.