வெறுங்காலில் ஏறிய உச்சி

என் இடது கணுக்காலுக்குள் ஒரு தகடும் சில திருகாணிகளும் இருக்கின்றன. மலையில் விழுந்து உடைந்ததென்றால் சொல்லிக்கொள்ளவாவது கௌரவமாக இருக்கும். இது வீட்டுக் குளியலறையில் சோப்பு நுரையில் வழுக்கி உடைந்த கால். நலம் விசாரிக்க வந்தவர்களிடம் அதைச் சொல்லிச் சொல்லியே எனக்குப் பாதி உயிர் போயிற்று.

அதற்குப் பிறகு ஒரு வருடம் நான் மனுஷியாக இல்லை, பீங்கான் ஜாடியாக இருந்தேன். அடுத்த தெருவில் இருக்கும் அக்கா "பாத்து, பாத்து" என்று சொல்வதற்காகவே தினம் வருவாள். மாடிப்படி என்றால் பாத்து. வாசலில் தண்ணீர் தெளித்திருந்தால் பாத்து. உட்கார்ந்திருக்கும்போதுகூட ஒருமுறை பாத்து என்றாள். எதைப் பார்ப்பது என்று கேட்டதற்குக் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் வரவில்லை.

கால் உடைவதற்கு முன்பெல்லாம் மழை விட்டதும் மூட்டை கட்டிவிடுவோம். நான், அக்கா, அக்கா வீட்டுக்காரர். அவரைப் பாவா என்போம். அரக்கோணத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவர், பட்டறையைவிட மலையில்தான் புத்தி இருக்கும். எல்லையைத் தாண்டி ஆந்திரப் பக்கத்து மலைகளில் கூடாரம் போட்டுத் தங்கி, காலையில் பாறையைப் பிடித்து உச்சிக்கு ஏறுவோம். எங்கள் திருத்தணிக்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். "ஊருக்குள்ளயே ஒரு மலை கீது, அத்த ஏறுனா புண்ணியமாவது கெடைக்கும்" என்பார்கள். தப்பு சொல்ல முடியாது.

இந்த வருடம் நானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். பாதியில் கால் வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டால் அதோடு மலைப் பேச்சு முடிந்தது. என் முதுகுப்பையும் படுக்கைப்பையும் யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். நான் சரி என்றேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். மலை இல்லாவிட்டால் எனக்கு வேறு என்னதான் இருக்கிறது? அலுவலகம், துணி மடிப்பது, பாத்து பாத்து.

கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும் உயரமான ஷூ ஒன்று வாங்கினேன். அது இல்லாமல் மேடு ஏறக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சாமி விக்கிரகத்தைப் போல அதைத் துடைத்துத் துடைத்து வைத்தேன்.

விவரம் தெரிந்தவர்கள் மார்கழி பிறந்தபின்தான் போவார்கள். பாவாவுக்குப் பொறுமை கிடையாது. கார்த்திகை பாதிகூடப் போகவில்லை, பாறையெல்லாம் பாசி, ஓடையெல்லாம் வெள்ளம். பள்ளிப்பட்டு வரை பஸ், அப்புறம் ஷேர் ஆட்டோ. மலையடிவாரத்தில் பாவாவுக்குத் தெரிந்தவரின் மாந்தோப்பில் கூடாரம் போட்டோம். மலையின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பிரியாணிப் பொட்டலத்தோடு கூட்டம் சேர்ந்துவிடும்.

மறுநாள் காலையில் பெரிய மூட்டைகளைத் தோப்பில் விட்டுவிட்டு, புளிச்சோறும் தண்ணீரும் மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். ஓடையில் பாவா இரண்டு முறை விழுந்தார். விழும்போதும் அரோகரா, எழும்போதும் அரோகரா. எனக்குக் காரணமே இல்லாமல் சிரிப்பு வந்துகொண்டிருந்தது. ஈர மண் வாசனை பட்டதிலிருந்தே அப்படித்தான், கள் குடித்தவள் மாதிரி.

உச்சிப் பாறையின் அடியில் வந்து நின்று மூவரும் அண்ணாந்து பார்த்தோம்.

"ஏய், மேல வேல் நட்டு கீறாங்கடி" என்றாள் அக்கா.

"ஆங், மஞ்ச துணிகூட கட்டி கீது" என்றார் பாவா.

அவ்வளவுதான். யாரும் யாரையும் கேட்கவில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு மலைமேல் சாமி என்றால் கை தானாகக் காலுக்குப் போய்விடும். மூன்று ஜோடி ஷூவையும் ஒரு கல்லின் ஓரமாக ஒழுங்காக வைத்தோம். "டோக்கன் குடுக்கற ஆள காணோமே" என்று பாவா சுற்றிப் பார்த்தார். நான் என் ஷூவின் நாடாவை உள்ளே மடித்து வேறு வைத்தேன். எதைக் கழற்றுகிறேன் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை.

ஏறினோம். விரல்கள் பாறை வெடிப்புக்குள் தாமாகவே நுழைந்து பிடித்துக்கொண்டன. ஓரிடத்தில் வயிற்றால் ஊர்ந்தேன், ஓரிடத்தில் வேரைப் பிடித்துத் தொங்கினேன். முட்டி சிராய்ந்தது. பாவா மேலிருந்து அரோகரா என்றால் நான் கீழிருந்து இன்னும் பெரிதாகக் கத்தினேன். அப்படியொரு சந்தோஷம், பள்ளிக்கூடத்துக்கு மழை விடுமுறை விட்ட மாதிரி.

உச்சியில் வேல் இல்லை.

நில அளவைக்காரர்கள் எப்போதோ நட்டுவிட்டுப் போன ஒரு துருப்பிடித்த கம்பி. அதில் காற்றில் பறந்து வந்து மாட்டிக்கொண்ட ஒரு ஜவுளிக்கடைப் பை, மஞ்சள் நிறம். யார் வீட்டுத் தீபாவளித் துணி வந்த பையோ.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "பட்டுச்சேல சாமி, நல்லா வேண்டிக்கோங்க" என்றார் பாவா. சிரித்துச் சிரித்து அக்காவுக்கு விக்கல் எடுத்தது. அப்படியும் அவள் விடவில்லை. "இவ்ளோ தூரம் வந்தாச்சி, சுத்திட்டே போலாம்" என்று கம்பியைச் சுற்றத் தொடங்கினாள். பின்னாலேயே நானும் தலைகுனிந்து சுற்றினேன். அப்போதுதான் என் பாதம் கண்ணில் பட்டது. சேறு, அதன் நடுவே கணுக்காலில் தையல் தழும்பு.

"அக்கா, என் ஷூ!"

அக்காவின் விக்கல் நின்றுவிட்டது. "அடிப்பாவி, ஷூ இல்லாமயா ஏறுன?"

"நீ மட்டும் போட்டுகினா ஏறுன?"

"எங்க காலும் உன் காலும் ஒண்ணாடி?"

பாவா பதறிப்போனார். "நீ இங்கயே குந்தும்மா, நான் போயி எடுத்துகினு வரேன்" என்று சரசரவென்று இறங்கிவிட்டார். நான் உட்கார்ந்து கணுக்காலைத் திருப்பிப் பார்த்தேன், அழுத்திப் பார்த்தேன். வலியைத் தேடினேன் என்றே சொல்லலாம். கிடைக்கவில்லை. பிறகு திருத்தணி மலை தெரிகிறதா என்று தேடினேன். தொலைவில் சின்னதாகத் தெரிந்தது, அதற்கு இந்தப் பக்கம் எல்லா ஏரிகளும் நிரம்பிக் கிடந்தன. எனக்கு அழுகை வந்தது. அக்கா பார்க்காதபடி அழுதேன்.

அதற்குள் நகரிப் பக்கமிருந்து கருமேகம் ஒன்று ஏறி வந்தது. மழை விழுந்தால் பாறை சோப்பாகிவிடும். பாவாவுக்காகக் காத்திருக்க முடியாது. நான் முதலில் இறங்கினேன், அக்கா பின்னால். இறங்கும்போது பள்ளம் கண்ணுக்கு நேரே தெரியும். நடுவில் ஒரு சரிவுப் பாறையில் அவள் அப்படியே பல்லிபோல ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டாள்.

"இன்னாக்கா?"

"தல சுத்துதுடி. கைய குடு, சீக்கிரம் குடு."

நான் ஒரு வெடிப்பில் இடது காலை ஊன்றிக்கொண்டு கையை நீட்டினேன். என் அக்கா ஒல்லியானவள் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, முழு எடையோடு, என் மேல் வந்து விழுந்தாள். ஊன்றிய கால் அசையவில்லை, வலிக்கவும் இல்லை. எந்தக் காலில் தகடு இருக்கிறது என்று அவளுக்கு அப்போது நினைவே இல்லை.