மச்சானின் வலது கை

அக்கா வீட்டுக்காரர் செத்தது பகல் பன்னிரண்டுக்கு முன்பா, பின்பா? டாக்டர் சொல்லப்போகும் அந்த ஒரு பதிலில்தான் அக்கா வீட்டுக்கு வருவதும் ஜெயிலுக்குப் போவதும் இருந்தது. பிணவறை வாசலில் பெண் போலீசுக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள் அவளை.

அக்காவுக்கு, தனியாக இருந்த, பிரெஞ்சு சர்க்கார் பென்ஷன் வாங்கும் ஒரு அம்மாவுக்கு ராத்திரித் துணைக்குப் படுத்துக்கொள்ளும் வேலை. முந்தின நாள் சாயங்காலமே போனவள், மறுநாள் பகல் பன்னிரண்டுக்குத்தான் குருசுக்குப்பத்து வீட்டுக்குத் திரும்பினாள். மச்சான் பாயில் இடப்பக்கமாக ஒருக்களித்துக் கிடந்தார், வலது கை நெஞ்சோடு மடங்கி. அவள் போட்ட கூச்சலுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து ஓடிவந்தவர் மச்சானின் அண்ணன். சர்ச்சுக்குப் போகிற பெண்ணைக் கட்டினான் என்று பதினோரு வருஷம் தம்பியோடு பேசாத ஆள். செத்த பிறகு பாசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கால் கட்டைவிரல்களைக் கட்டியது அவர். பிரான்சிலிருந்து அவர்கள் தங்கச்சி வரவேண்டும் என்று ஐஸ் பெட்டி வரவழைத்தது அவர். பெட்டியை மூடிய கையோடு ஸ்டேஷனுக்குப் போய், 'தம்பி பெண்டாட்டி பன்னிரண்டு மணிக்கு வந்து சண்டை போட்டாள், அரை மணியில் என் தம்பி பிணம்' என்று எழுதிக் கொடுத்ததும் அவர்தான்.

அதற்கு அடுத்த நாள், பிணத்தைச் சோதித்துவிட்டு டாக்டர் வெளியே வந்தார். கூடவே இன்ஸ்பெக்டர்.

"ஐஸ் பெட்டியில வச்சிட்டீங்க. இனிமே உடம்புச் சூட்டப் பாத்து நேரம் சொல்ல முடியாது. கையையும் யாரோ நீட்டியிருக்காங்க. யாரு?"

"நான்தான் சார்," என்று அண்ணன்காரர் முன்னால் வந்தார். "இவளா செய்வா? கட்டையாட்டம் இருந்துச்சி, வரவே மாட்டேன்டிச்சி. முட்டியக் குடுத்து அழுத்தித்தான் நீட்டினேன்."

"எத்தன மணிக்கு?"

"பெட்டி வர்றதுக்கு முன்னாடி. பன்னண்டர இருக்கும்."

டாக்டர் அவரையே பார்த்தார். "செத்த ஒடனே உடம்பு துவண்டுதான் கெடக்கும். வெறப்பு மெதுவாத்தான் ஏறும். நம்ம ஊரு வெயிலுக்குச் சீக்கிரம் ஏறும், சரி. ஆனா முட்டி குடுக்குற அளவுக்கு அரை மணியில ஏறாது. பல மணி நேரம் ஆவணும். ரத்தம் எறங்கின கறையும் இடப்பக்கமே நின்னுடுச்சி. நீங்க மல்லாக்கப் படுக்க வச்சும் மாறல, அப்படி நிக்கவும் பல மணி நேரம் ஆவணும். காயமும் எதுவும் இல்ல."

"அப்ப இந்தம்மா வீட்டுக்குள்ள வர்றப்பவே அவரு இல்ல," என்றார் இன்ஸ்பெக்டர். "நீயே சொன்ன கணக்குதான்யா."

அண்ணன்காரர் வேட்டியை மடித்துக் கட்டினார். "டாக்டரையும் மயக்கிட்டா."

நான் அவரை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவரிடம் கேட்டாள்: "எந்தக் கைய அழுத்துனீங்க மாமா?"

"வலது கைதான். ஏன்?"

"அந்தத் தோளு எறங்கிப்போய் ஆறு மாசமா தைலம் தேச்சிட்டிருந்தேன். நான் தொட்டாலே பல்லக் கடிப்பாரு." அவருடைய முட்டியைப் பார்த்தாள். "அவரத் தூக்க நீங்க வர வேணாம்."

சாவு எடுத்த அன்றைக்கு அண்ணன்காரர் வந்தார். தெருமுனையில் தோளில் துண்டோடு நின்றார். நானும் தெருக்காரர்கள் இரண்டு பேரும், அவர் தோள் கொடுக்கவேண்டிய இடத்தில் ஒரு தெரியாதவருமாக மச்சானைத் தூக்கிக்கொண்டு அவரைத் தாண்டிப் போனோம். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. நானும்தான்.